முச்சக்கர வண்டியின் நேரோட்டம்

அலிப்பூர் என்றவுடன் பலருக்கு விலங்குக் காட்சிச் சாலை நினைவுக்கு வரும். படிப்பில் விருப்புடையோர்க்குப் பெல்வடீர் தோட்டத்தில் 1953ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தேசிய நூலகம் நினைவுக்கு வரும். எனக்கோ அலிப்பூர் அளவைகளின் ஊர். கொல்கத்தா நகரின் மழையையும் வெப்பத்தையும் நாள்தோறும் அளந்து கூறும் வானிலை நிலையம் இங்கே உள்ளது. இரும்பும் சிமென்டும் தரமானவைதாமா என்று ஆராயும் அரசினர் சோதனைச் சாலை 1912இல் தோன்றியதும் இங்கேதான். அத்தகைய ஊரில் தங்கிப் படிக்கும் எனக்கு, வீட்டில் செய்த வண்டி ஒன்றையும் அளந்து பார்த்தே திருத்த வேண்டும் என்று தோன்றியதில் வியப்பில்லை. அவ்வாறு அளந்து கற்றவற்றை நம் மன்றத்து நண்பர்களுக்கு ஒரு பாடமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டி இன்னதென்று முதலில் கூறிவிடுகிறேன். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம். ஓட்டுபவர் சாய்வு நாற்காலியில் அமர்வதுபோல் அமர்ந்து, கால்களை முன்னே நீட்டி மிதிக்க வேண்டும். இத்தகைய சாய்வு வண்டிகள் மேனாட்டில் நெடுநாளாக உள்ளன. 1933இல் பிரான்சு நாட்டுப் பிரான்சிஸ் ஃபோர் என்பவர், சார்லஸ் மொஷே அமைத்த சாய்வு மிதிவண்டியில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் காட்டினார். மறு ஆண்டே பன்னாட்டு மிதிவண்டிக் கழகம் இவ்வகை வண்டிகளைத் தன் பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டது. எங்கள் நோக்கம் பந்தயம் அன்று. என் சிற்றப்பாவுக்கு உட்செவி நோயினால் உடலின் சமநிலை குன்றியுள்ளது. இருசக்கர வண்டி அவருக்கு இனி ஆகாது. கால்களிலோ வலு இருக்கிறது. காலை வேளையில் பிறர் துணையின்றி நூலகம் வரை சென்றுவர வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்காகவே பென்டிங்க் தெருக் கடைகளில் உறுப்புகள் வாங்கி, கிதிர்ப்பூர்ப் பட்டறை ஒன்றில் சட்டத்தைப் பற்றவைத்து இவ்வண்டியை அமைத்தோம். கோணங்களை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதனால், முன்சக்கரங்களைத் தாங்கும் பகுதிகளை மட்டும் வெல்டிங் செய்யாமல் போல்ட் போட்டு இணைத்திருந்தோம்.

முதல் நாள் ஓட்டிவிட்டு இறங்கிய சிற்றப்பா கேட்டார்: “மூன்று சக்கரம் இருந்தும் இது ஏன் தம்பி இப்படித் துள்ளுகிறது?”

அவர் கேட்ட கேள்வியே இந்தப் பாடத்தின் தலைவாயில்.

நிலைப்பும் நேரோட்டமும்

மூன்று கால் முக்காலி ஆடாது. அதுபோல மூன்று சக்கர வண்டி தானே நிற்கும். ஆகவே தானே நேராகவும் ஓடும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். இவை இரண்டும் வெவ்வேறு பண்புகள். கவிழாமல் நிற்பதை நிலைப்பு என்போம். கையின் வலிந்த முயற்சியின்றித் தன் வழியே செல்வதை நேரோட்டம் என்போம். முன்னதைச் சக்கரங்களின் எண்ணிக்கையும் இடைவெளியும் தருகின்றன. பின்னதைத் தருவது, சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கும் அது திரும்பும் அச்சுக்கும் உள்ள உறவு.

இருசக்கர வண்டி இவ்வுறவை வேறு வகையில் பயன்படுத்துகிறது. அது வலப்பக்கம் சாய்ந்தால் முன்சக்கரமும் வலப்பக்கம் திரும்பி, சாயும் உடலின் கீழே சக்கரங்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இவ்வாறு தன்னைத்தான் தாங்கிக்கொள்ளும் திறன் எதனால் வருகிறது என்று அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்பவர், சுழலும் சக்கரத்தின் பம்பர விளைவை எதிர்ச்சுழற்சியால் நீக்கிய பின்னும் மிதிவண்டியை ஓட்ட முடியும் எனக் காட்டினார். 2011இல் டெல்ஃப்ட், கார்னெல் முதலிய பல்கலைக்கழகங்களின் அறிஞர்கள் ஒருபடி மேலே சென்றனர். பம்பர விளைவும் இல்லாமல், கீழே நாம் காணப்போகும் பின்தங்கலும் இல்லாமல், தானே விழாமல் ஓடும் மாதிரி வண்டி ஒன்றை அவர்கள் செய்து காட்டினர். எடை எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதும் முதன்மையானது என்று அதனால் விளங்கியது.

நம் முச்சக்கர வண்டி சாயாது. ஆகவே இருசக்கர வண்டி சாய்வினால் பெறும் உதவி இதற்கு இல்லை. சேத்லாப் பக்கம் சரக்கு ஏற்றிச் செல்லும் மிதிவான்களைப் பாருங்கள். முன்னால் சாதாரண மிதிவண்டியின் ஃபோர்க்கு. பின்னால் இரண்டு சக்கரம். சாலை ஓரமாகச் சரிந்திருக்கும் இடங்களில் ஓட்டுபவர் கைப்பிடியை விடாது இழுத்துப் பிடித்தே செல்கிறார். பின்சக்கரங்களில் ஒன்றை மட்டும் சங்கிலி இழுக்கும் வண்டியாயின், மிதிக்கும் விசையும் ஒரு பக்கமாகவே தள்ளும். இவ்விரண்டாவது குறையை நீக்கவே இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1877இல் தம் முச்சக்கர வண்டிக்கு டிஃபரன்ஷியல் பல்லிணைப்பை அமைத்தார். எங்கள் வண்டியில் நடுவிலுள்ள ஒற்றைப் பின்சக்கரமே இழுப்பதால் அக்குறை எழவில்லை. எஞ்சியவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

அளக்கும் முறை

கருவி ஒன்றும் வேண்டா. தரையில் 30 மீட்டர் நீளத்துக்குச் சுண்ணக்கோடு இழுக்க வேண்டும். முன்சக்கரங்களைத் தண்ணீரில் நனைத்துவிட்டு, கோட்டின் மேல் நடுச்சட்டம் வரும்படி ஓட்ட வேண்டும். ஈரத்தடம் காய்வதற்குள் கோட்டிலிருந்து அது எவ்வளவு விலகியுள்ளது என்று நாடாவால் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே ஆள், ஒரே வேகம், ஒரே சாலை. ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது பயன் தந்தது என்று அறிய இயலாது. கொல்கத்தாவின் பல பெருஞ்சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை உண்டு. ஆதலால் விடியற்காலையில், ஊர்தி வாராத உட்சாலை ஒன்றில் எங்கள் சோதனைகளைச் செய்தோம்.

முதற்படி: தளர்ச்சி

கோணங்களைத் தொடுவதற்கு முன் தளர்ச்சியைப் போக்க வேண்டும். இரு முன்சக்கரங்களையும் ஒன்றாகத் திருப்பும் குறுக்குத் தண்டைப் பட்டறைகளில் டை ராடு என்பர். அதன் முனை, சக்கரத்தோடு திரும்பும் சிறு கையில் மாட்டப்பட்டிருக்கும். எங்கள் வண்டியில் அக்கையின் நீளம் 7 சென்டிமீட்டர். முனையில் 1 மில்லிமீட்டர் தளர்ச்சி இருந்தால், சக்கரம் ஏறக்குறைய 0.8 பாகை தன் விருப்பப்படி ஆடும். நகக்கண் அளவு தளர்ச்சி சக்கரத்தில் எவ்வளவு பெரிதாகிறது பாருங்கள்! பேரிங்குகளை இறுக்கினோம், முனைகளை மாற்றினோம். டயர்களின் காற்றழுத்தம் இருபுறமும் ஒன்றாக இருக்கும்படி செய்தோம். பின்சக்கரம் நடுச்சட்டத்தோடு ஒரே கோட்டில் உள்ளதா என்று நூல் பிடித்துப் பார்த்தோம். பின்சக்கரம் கோணியிருந்தால் முன்னால் என்ன செய்தும் பயனில்லை.

இரண்டாம் படி: சக்கரங்களின் நோக்கு

மேலிருந்து பார்க்கும்போது முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். முன்விளிம்புகள் நெருங்கியிருந்தால் உள்நோக்கு என்றும், அகன்றிருந்தால் வெளிநோக்கு என்றும் கொள்வோம். ஒரு சக்கரம் 1 பாகை கோணி நின்றால், வண்டி 1 கிலோமீட்டர் செல்வதற்குள் அதன் டயர் 17 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. மிதிப்பவரின் உழைப்பு வீணாகிறது. டயரும் விரைவில் தேய்கிறது. வெளிநோக்கு இருந்தால் இன்னும் ஒரு தீமை உண்டு. சிறு மேடு ஒரு சக்கரத்தின் பிடியை மாற்றியவுடன் வண்டி அப்பக்கமோ இப்பக்கமோ பாயும். முன்னர்க் கூறிய துள்ளலில் ஒரு பகுதி இதுவே.

அளப்பது எளிது. ரிம்மின் முன்விளிம்புகளுக்கு இடையேயும் பின்விளிம்புகளுக்கு இடையேயும், சக்கர நடுவின் உயரத்தில், நாடா வைத்துப் பார்க்க வேண்டும். 20 அங்குலச் சக்கரத்தில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் வேறுபாடு. முன்புறம் 1 அல்லது 2 மில்லிமீட்டர் குறைவாக, அதாவது மிகச் சிறிய உள்நோக்காக வைப்பது நன்று. ஒன்று மறவாதீர்கள்: ஓட்டுபவர் அமர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஆள் ஏறினால் சட்டம் சற்று வளைகிறது. அதனால் நோக்கும் மாறுகிறது. இனி வரும் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் இதை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: அச்சின் உட்சாய்வு

முன்சக்கரம் எந்தத் தண்டைச் சுற்றித் திரும்புகிறதோ அதைக் கிங்பின் என்பர். முன்னின்று பார்க்கும்போது அது செங்குத்தாக நின்றால், அதன் நீட்டம் தரையைத் தொடும் புள்ளி சக்கரத்துக்கு உட்புறமாக விழும். எங்கள் வண்டியில் கிங்பின்னுக்கும் சக்கரத்தின் நடுத்தளத்துக்கும் இடையே 6 சென்டிமீட்டர். ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் சற்றுக் கூடுதலாகப் பிடித்து, தரை அதனை 10 கிலோ அளவு விசையோடு பின்னுக்கு இழுக்கிறது என்று கொள்வோம். அப்பொழுது கிங்பின்னைச் சுற்றி 60 கிலோ-சென்டிமீட்டர் திருகுவிசை எழும். கைப்பிடி கையிலிருந்து பறிக்கப்படுவதுபோல் இருக்கும். குழியில் ஒரு சக்கரம் விழுந்தாலும் இதே நிலை.

இதற்கு மருந்து என்ன? கிங்பின்னின் தலையை உட்புறமாகச் சாய்த்து, அதன் நீட்டம் டயர் தரையைத் தொடும் நடுப்புள்ளியிலேயே விழும்படி செய்ய வேண்டும். கைநெம்புகோலின் நீளம் பூச்சியம் ஆகும்போது விசை எவ்வளவாயினும் திருகல் இல்லை. சக்கரத்தின் ஆரம் 25 சென்டிமீட்டர், விலகல் 6 சென்டிமீட்டர். ஆகவே வேண்டிய சாய்வு 13½ பாகை. போல்ட்டுகளைத் தளர்த்தி இக்கோணத்துக்கு மாற்றியபின், ஒரு பக்கப் பிரேக்கை மட்டும் பிடித்துப் பார்த்தோம். வண்டி அப்பக்கம் சற்று இழுத்ததேயன்றிக் கைப்பிடி அதிரவில்லை.

நான்காம் படி: பின்தங்கல்

தேநீர்க்கடைத் தள்ளுவண்டியின் சிறு உருளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வண்டியை எப்பக்கம் தள்ளினாலும் உருளை தன் தண்டுக்குப் பின்னால் வந்து நேராகிவிடும். தரை தொடும் இடம் திரும்பும் அச்சுக்குப் பின்னால் தங்குவதே காரணம். இத்தொலைவைப் பின்தங்கல் எனலாம். நம் வண்டியில் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது கிங்பின்னின் தலையைப் பின்னோக்கிச் சாய்த்தால், அதன் நீட்டம் தரையில் சக்கரத்தின் தொடுமிடத்துக்கு முன்னால் விழும். அதனால் பின்தங்கல் கிடைக்கும்.

25 சென்டிமீட்டர் ஆரத்துக்கு, 4 பாகைச் சாய்வு 1.7 சென்டிமீட்டர் பின்தங்கல் தரும். 8 பாகை 3.5 சென்டிமீட்டரும், 12 பாகை 5.3 சென்டிமீட்டரும் தரும். நாங்கள் 4 பாகையில் தொடங்கி இரண்டிரண்டு பாகையாகக் கூட்டினோம். ஒவ்வொரு முறையும் ஈரத்தடத்தின் நெளிவு குறைந்தது. திருப்பிவிட்ட கைப்பிடியைத் தளர்த்தினால், அது தானே நடுவுக்குத் திரும்பும் இயல்பும் வளர்ந்தது.

அப்படியானால் இன்னும் இன்னும் கூட்டிக்கொண்டே போகலாமா? கூடாது. மழைநீர் வடிவதற்காகச் சாலைகளை நடுவில் உயர்த்தி ஓரத்தில் தாழ்த்துகின்றனர். 40க்கு 1 என்னும் சரிவில், ஆளும் வண்டியுமாக 90 கிலோ எடையுள்ள முச்சக்கர வண்டி 2¼ கிலோ விசையோடு ஓரத்துக்கு நழுவப் பார்க்கும். அதில் ஏறக்குறைய 1½ கிலோ முன்சக்கரங்களில் விழுகிறது. தரை அதனை எதிர்த்து மேட்டுப்பக்கம் தள்ளுவதோ அச்சுக்குப் பின்னாலுள்ள தொடுமிடத்தில். ஆகவே சக்கரத்தின் பின்பாதி மேட்டுக்குச் செல்ல, முன்பாதி பள்ளத்தை நோக்கித் திரும்புகிறது. பின்தங்கல் 5 சென்டிமீட்டராயின், 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியில் கால் கிலோ இழுப்பு வேண்டும். 9 சென்டிமீட்டராயின் ஏறக்குறைய அரைக் கிலோ வேண்டும். சாய்ந்து சமன்செய்யும் வசதி நம் வண்டிக்கு இல்லாமையால், இவ்விழுப்பை வழிநெடுகக் கைதான் தாங்க வேண்டும். மிதிவான் ஓட்டுபவரின் தோள்வலிக்கு இதுவும் ஒரு காரணம். நேராக ஓடச்செய்யும் அதே பண்பு, அளவு மிஞ்சினால் ஓரத்துக்கு இழுக்கும் பண்பாகிவிடுகிறது. சமதளத்தில் மட்டும் சோதித்திருந்தால் இது புலப்படாது. சரிவிலும் சோதித்துப் பார்த்து, 12 பாகையில் நிறுத்தினோம்.

ஐந்தாம் படி: வளைவில் உடன்பாடு

வளையும்போது உட்புறச் சக்கரம் சிறு வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரு வட்டத்திலும் செல்கின்றன. இரண்டும் ஒரே கோணம் திரும்பினால் ஒன்றையொன்று எதிர்த்துத் தேயும். மூனிக் நகரின் கோச்சு வண்டித் தச்சர் லாங்கென்ஸ்பெர்கர் இதற்கு ஒரு தீர்வு கண்டார். இலண்டனில் ருடால்ஃப் ஆக்கர்மன் 1818இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கண்டவர் ஒருவர், பெயர் நின்றது மற்றொருவருக்கு! எங்கள் வண்டியில் முன்பின் சக்கர இடைவெளி 100 சென்டிமீட்டர்; முன்சக்கரங்களின் இடையகலம் 75 சென்டிமீட்டர். 3 மீட்டர் ஆரமுள்ள வளைவில் உட்சக்கரம் 21 பாகையும் வெளிச்சக்கரம் 16½ பாகையும் திரும்ப வேண்டும். கிங்பின்னையும் டை ராடு முனையையும் இணைக்கும் கோட்டைப் பின்னே நீட்டினால், அது பின்சக்கர அச்சின் நடுவில் சேரும்படி சிறு கைகளை அமைப்பதே எளிய வழி. முற்றும் துல்லியமன்று, மிதிவண்டியின் வேகத்துக்கு இது போதும்.

கையும் காலும்

வண்டி திருந்திய பின்னும் ஓட்டுபவரால் ஆட்டம் வரலாம். வலக்காலை அழுத்தும்போது வலக்கையும் தன்னையறியாது இழுக்கும். அடுத்த மிதியில் இடக்கை இழுக்கும். தடம் பாம்புபோல் நெளியும். இருக்கையின் முதுகுப்புறம் இடுப்பை உறுதியாகத் தாங்கினால், கால் தள்ளும் விசையை முதுகு ஏற்றுக்கொள்ளும். கை ஓய்வாக இருக்கும். கைப்பிடியை இறுகப் பற்றாமல் இரு விரலால் தொட்டுக்கொண்டிருக்கப் பழக வேண்டும்.

கவிழும் எல்லை

நேரோட்டம் கைவந்தபின் வேகம் தானே கூடும். ஆகவே நிலைப்பின் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். ஒவ்வொரு சக்கரத்தையும் எடை பார்க்கும் பொறியின் மேல் வைத்துப் பார்த்ததில், எடையில் 65 விழுக்காடு முன்சக்கரங்களில் இருந்தது. ஈர்ப்பு மையத்தின் உயரம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். இவற்றைக் கொண்டு கணக்கிட்டால், 3 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 14 கிலோமீட்டருக்கு மேல் சென்றால் உட்சக்கரம் தரையைவிட்டு எழும். 6 மீட்டர் வளைவில் எல்லை 20 கிலோமீட்டர். டாலி நாலாவின் மேலுள்ள ஜீரட் பாலத்திலிருந்து இறங்கும் வண்டி இவ்வேகத்தை மிதிக்காமலே எட்டிவிடும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும், வளைவில் அன்று என்று ஒரு தாளில் எழுதிச் சட்டத்தில் ஒட்டியிருக்கிறோம். சிற்றப்பா இப்போது வாரம் மும்முறை தனியே சென்று வருகிறார். சென்ற மாதம் அத்தாளைத் தம் கையாலேயே புதிதாக எழுதி ஒட்டிக்கொண்டார்.

நண்பர்களே, இப்பாடத்தில் உயர்கணிதம் ஒன்றும் இல்லை. பள்ளியிற் கற்ற நெம்புகோலும் முக்கோணமும் போதுமாயின. நூல், நாடா, சுண்ணக்கட்டி, ஒரு வாளித் தண்ணீர் ஆகியவையே எங்கள் ஆய்வுக்கூடம். கருதத்தக்கது ஒன்றே: வண்டி துள்ளினால் கையை இன்னும் இறுக்கிப் பிடிக்கச் சொல்வது தீர்வாகாது. உடல் வலுக் குன்றியவர்க்காக ஒரு பொருளைச் செய்யும்போது, அப்பொருளின் குறையை அவர் வலுவால் ஈடுசெய்ய விடுவது நீதியும் அன்று. குறை எந்த அச்சில், எந்தக் கோணத்தில் உள்ளது என்று அளந்து கண்டு, அங்கேயே அதைத் தீர்க்க வேண்டும். நம் விடுதிகளின் பின்புறங்களில் பழைய மிதிவண்டிச் சட்டங்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. நம் தெருக்களிலோ, இருசக்கர வண்டியில் ஏற இயலாது வீட்டோடு முடங்கியிருப்போர் பலர் உள்ளனர். இவ்விரண்டையும் இணைக்கும் கைகள் நம்மிடையே தோன்றுமாயின், கற்ற இயற்பியலுக்கு அதனினும் நல்ல பயன் வேறு உண்டோ?